கசியும் சுவர்: விருத்தாசலத்துக் களிமண்ணும் இன்சுலின் செல்களும்

மணிமுத்தாற்றின் கரையில் பழமலைநாதர் கோயிலைச் சுற்றி வளர்ந்த திருமுதுகுன்றம், விருத்தாசலம் என்ற வடமொழிப் பெயரால் வழங்கத் தொடங்கிய பின்னும் பழைய மலை என்ற பொருளை விட்டுவிடவில்லை. ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவ்வூருக்குப் புதிதாகச் சேர்ந்த அடையாளம் மலையோ கோயிலோ அன்று, பீங்கான். அண்டையிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படுகையின் மேலே வெண்களிமண் படிந்திருந்ததும், விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் ஆகிய நான்கு திசைக்கும் பாதை பிரியும் ரயில் சந்திப்பு ஊரிலேயே இருந்ததும் இத்தொழிலுக்கு வாய்ப்பாக அமைய, அரசின் செராமிக் தொழிற்பேட்டையும் செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் பயிலகமும் இங்கே உருவாயின. கார்த்திகைக்கு அகல் விளக்கு, நவராத்திரிக்குக் கொலுப் பொம்மை, அடுக்களைக்கு ஊறுகாய் ஜாடி, வீட்டு மின்பலகைக்கு ஃப்யூஸ் கட்டை என்று ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பொருள்கள் ஒரே பேட்டையின் சூளைகளிலிருந்து வெளிவந்தன.

இப்பொருள்களை இணைப்பது களிமண் மட்டுமன்று, களிமண்ணில் இருக்கும் துளைகளைக் குறித்த கவலையும்தான். ஃப்யூஸ் கட்டை ஈரத்தை உறிஞ்சினால் மின்சாரம் கசியும்; ஜாடியின் சுவரில் நுண்துளை இருந்தால் உப்பும் எண்ணெயும் வெளியே பூக்கும்; ஆகையால் மெருகு பூசி, உயர்ந்த வெப்பத்தில் சுட்டு, துளைகளை அடைத்தாக வேண்டும். ஆனால் அதே பேட்டையில், அதே கொட்டகைக்குள், துளை இல்லாவிட்டால் பயனே இல்லாத ஒரு பொருளும் உண்டு. வார்ப்புக்குப் பயன்படும் பிளாஸ்டர் அச்சு அது. நீரிழிவு நோய்க்காக இன்சுலின் சுரக்கும் செல்களை ஹைட்ரோஜெல் என்னும் நீர் நிறைந்த கூழ்ப்பொருளில் பொதிந்து உடலுக்குள் வைக்கும் முயற்சியின் வரலாற்றை மருத்துவ நூல்கள் பெரும்பாலும் 1980-இலிருந்து தொடங்குகின்றன. அதைச் சற்றுப் பின்னுக்கு இழுத்து, இந்த அச்சிலிருந்து தொடங்குவதே பொருத்தம்.

அகலும் ஃப்யூஸ் கட்டையும் அச்சில் அழுத்தி எடுக்கப்படுபவை. உள்ளே வெற்றிடமுள்ள பொம்மைகளும் வளைந்த கலன்களுமோ வார்த்து எடுக்கப்படுபவை. களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் ஆகியவற்றைப் பால் மில் எனப்படும் உருளையில் நீரோடு அரைத்து, அதில் சிறிதளவு சோடியம் சிலிக்கேட் சேர்த்தால், களிமண் துகள்கள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு, குறைந்த நீரிலேயே மோர்போல் ஓடும் குழம்பு கிடைக்கிறது. தொழிலாளர் இதனை ஸ்லிப் என்பர். இக்குழம்பை இரண்டு பாதிகளாகச் சேர்த்துக் கட்டிய பிளாஸ்டர் அச்சுக்குள் விளிம்பு வரை ஊற்றியதும், அச்சு தன் நுண்துளைகளால் நீரைக் குடிக்கத் தொடங்குகிறது. மட்டம் மெல்ல இறங்குகிறது. அச்சின் உட்புறத்தை ஒட்டிக் களிமண் ஒரு தோலாகப் படிகிறது. சில நிமிடங்கள் கழித்து அச்சைக் கவிழ்த்தால் நடுவிலுள்ள குழம்பு வடிந்துவிட, அச்சின் வடிவில் ஒரு மெல்லிய சுவர் மட்டும் எஞ்சி நிற்கும். நீர் வெளியேற வேண்டும், களிமண் உள்ளேயே நிற்க வேண்டும் என்னும் தெரிவை அந்த அச்சு யாருடைய கட்டளையும் இன்றிச் செய்து முடிக்கிறது.

இச்செயலில் உறிஞ்சுதல் ஒரு பங்கே. பிளாஸ்டர் என்பது கால்சியம் சல்ஃபேட். அது மிகச் சிறிதளவு நீரில் கரைந்து, கால்சியம் அயனிகளை, அதாவது மின்னேற்றம் பெற்ற கால்சியம் அணுக்களை, குழம்புக்குள் அனுப்புகிறது. சோடியம் விலக்கி வைத்திருந்த துகள்களைக் கால்சியம் ஒன்றுசேர்க்கிறது. ஓடிக்கொண்டிருந்த குழம்பு அச்சின் ஓரத்தில் உறைகிறது. இன்னொரு விதியும் பட்டறையில் எல்லார்க்கும் அனுபவமாகத் தெரிந்தது: சுவரின் தடிப்பை இரட்டிப்பாக்க வேண்டுமெனில் நேரம் இரட்டித்தால் போதாது, ஏறத்தாழ நான்கு மடங்காக வேண்டும், ஏனெனில் படிந்த சுவரே அடுத்து வரும் நீருக்குத் தடையாகிவிடுகிறது. மூன்றாவது, அச்சு சலித்துப்போகும். அடுத்தடுத்து வார்த்தால் துளைகள் நீரால் நிரம்பி உறிஞ்சாது. வெயிலிலோ சூளையின் அனலிலோ காயவைத்து மீண்டும் பயன்படுத்த வேண்டும். பலமுறை பயன்பட்ட பின் உப்புகள் பூத்து, முகம் தேய்ந்து, துளைகள் அடைபட்டு, அச்சு கழித்துவிடப்படும். கால்சியத்தால் உறைதல், தடிப்பின் விலை, முகம் அடைபடுதல் ஆகிய இம்மூன்றையும் இன்சுலின் செல்களுக்கு உறை செய்யப் புகுந்தவர்கள் வேறு பெயர்களில் மறுபடியும் சந்திக்க நேர்ந்தது.

கசியும் சுவரைக் குறையாக அல்லாமல் குணமாகக் கண்டது தமிழ் நாட்டில் மிகப் பழைய வழக்கம். மெருகிடாத மண்பானையின் புறத்தே நீர் கசிந்து ஆவியாவதால் உள்ளே இருப்பது குளிர்கிறது. கலங்கிய ஆற்று நீரைத் தெளிவிக்கத் தேற்றான் கொட்டையைப் பானையின் உட்சுவரில் தேய்த்து வைத்தால், அக்கொட்டையிலிருந்து கரையும் பசைப்பொருள் நீரிலுள்ள நுண்ணிய மண்துகள்களைச் சேர்த்துக் கீழே இழுத்துவிடுகிறது. பச்சை மண் கலத்தில் நீர் ஊற்றி வைக்க முயல்வதைத் திருக்குறள் வினைத்தூய்மை அதிகாரத்தில் உவமையாகக் காட்டுகிறது. சுடாத கலம் நீரைத் தாங்காது கரைந்துபோகும் என்பது அக்காலத்துக் கேட்போர்க்கு விளக்கம் வேண்டாத செய்தி. சுடும்போது மட்டுமே களிமண் துகள்கள் மீண்டும் நீரில் பிரியாதபடி பிணைகின்றன. பிற்காலத்து ஹைட்ரோஜெல்லுக்கும் இதே நிபந்தனை உண்டு. அங்கே சூளைக்குப் பதில் குறுக்குப் பிணைப்பு என்னும் வேதிக் கட்டு, நூலிழை போன்ற மூலக்கூறுகளை ஆங்காங்கே முடிச்சிட்டு, நீரில் கரையாமல் நீரை மட்டும் குடித்து உப்பும் வலையாக்குகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பிய ஆய்வகங்களில் சுட்ட களிமண் ஓர் அளவைக் கருவியாயிற்று. 1861-இல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த தாமஸ் கிரஹாம், சவ்வுத் தாளின் வழியே உப்பும் சர்க்கரையும் எளிதில் ஊடுருவ, பசையும் ஜெலட்டினும் தங்கிவிடுவதைக் கண்டு, பின்னவற்றுக்குக் கொலாய்டு என்று பெயரிட்டார். தமிழில் கூழ்மம் என்பது அதுவே. 1877-இல் ஜெர்மானியத் தாவரவியலார் வில்ஹெல்ம் ஃபெஃபர் மெருகிடாத களிமண் குப்பியொன்றை எடுத்து, அதன் சுவரின் துளைகளுக்குள்ளேயே தாமிர ஃபெரோசயனைடு என்னும் கூழ்போன்ற படிவத்தை உண்டாக்கினார். நீர் புகும், சர்க்கரை புகாது என்ற நிலை ஏற்பட, நீர் உள்ளே புகுந்து எழுப்பும் அழுத்தத்தை அவரால் அளக்க முடிந்தது. களிமண் வலிமையைத் தந்தது. கூழ் தெரிவைச் செய்தது. தனித்தனியே இரண்டும் போதவில்லை என்பதே இந்தச் சோதனையின் சிறப்பு. 1884-இல் பாஸ்டரின் உடனுழைத்த சார்லஸ் சேம்பர்லாண்ட் பாக்டீரியாவைத் தடுக்கும் பீங்கான் வடிகட்டியைச் செய்தார். 1892-இல் இவனோவ்ஸ்கியும் 1898-இல் பெய்ஜெரிங்கும் புகையிலைத் தேமல் நோயின் சாற்றை அத்தகைய பீங்கானில் வடித்துப் பார்த்து, வடிந்து வந்த தெளிநீரும் நோயைப் பரப்புவதைக் கண்டனர். வைரஸ் என்னும் உயிர்ப்பொருள் அறிவியலுக்கு அறிமுகமானது பீங்கான் அதைத் தடுக்கத் தவறியதால்தான். சுட்ட மண்ணின் துளை எவ்வளவு நுண்ணியதாயினும் மூலக்கூறுகளைப் பிரிக்கும் அளவுக்கு நுண்ணியதன்று என்பது அத்தோடு தெளிவாயிற்று. அந்த வேலைக்குக் கூழ்தான் வேண்டும்.

நீரிழிவு நோய் தமிழ் மருத்துவத்துக்குப் புதியதன்று. சித்த மருத்துவம் அதனை மதுமேகம் என்று வகைப்படுத்தியது; சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் குறியாகக் கொண்டது. நோயின் இருப்பிடம் கணையம் என்பது 1889-இல் ஜெர்மனியில் மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் நாயின் கணையத்தை அகற்றிய பிறகே உறுதியாயிற்று. அதற்கு 20 ஆண்டு முன்னரே, 1869-இல், மாணவராயிருந்த பவுல் லாங்கர்ஹான்ஸ் கணையத்துக்குள் தனித்து நிற்கும் சிறு செல்கூட்டங்களை வரைந்து வைத்திருந்தார். அவை எதற்காக உள்ளன என்பது அவருக்குத் தெரியாது. லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் எனப்படும் அவை ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு அகலமுடையவை. ஒரு மனிதக் கணையத்தில் சுமார் பத்து லட்சம் உள்ளன. அவற்றிலுள்ள பீட்டா செல்களே இரத்தத்தின் சர்க்கரையை உணர்ந்து அதற்கேற்ப இன்சுலினைச் சுரப்பவை.

1893 டிசம்பரில் பிரிஸ்டல் நகர மருத்துவர் வாட்சன் வில்லியம்ஸ், நீரிழிவால் இறக்கும் நிலையிலிருந்த 15 வயதுச் சிறுவனின் தோலுக்கடியில் ஆட்டின் கணையத் துண்டுகளை வைத்துப் பார்த்தார். மூன்றே நாளில் சிறுவன் இறந்தான். அயல் திசுவை உடல் எதிர்க்கும் என்ற அறிவே இல்லாத காலத்தில் செய்யப்பட்ட இம்முயற்சியைப் பிழை என்று தள்ளுவது எளிது. ஆனால் மருந்தைக் கொடுப்பதைவிட மருந்து சுரக்கும் உறுப்பைக் கொடுப்பது மேல் என்னும் எண்ணம் இன்சுலின் கண்டுபிடிக்கப்படுவதற்கு 28 ஆண்டு முன்னரே தோன்றிவிட்டது என்பதற்கு அது சான்று. 1921-இல் டொரன்டோவில் இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டு, 1922 ஜனவரியில் முதல் நோயாளிக்குச் செலுத்தப்பட்டதும் அந்த எண்ணம் அரை நூற்றாண்டுக்கு ஒதுங்கியது. சென்னையில் ஸ்டான்லி மருத்துவமனையில் 1948-இல் மருத்துவர் எம். விஸ்வநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியதும், 1954-இல் இராயபுரத்தில் இதற்கெனவே மருத்துவமனை நிறுவியதும் ஊசிமருந்தையும் உணவுக் கட்டுப்பாட்டையும் அடிப்படையாகக் கொண்டவையே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேர் நீரிழிவுடன் வாழ்வதாகக் கணித்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இரண்டாம் வகையினர். செல்மாற்று முயற்சி முதலில் குறிவைப்பதோ முதல் வகையினரை, அதாவது உடலின் தற்காப்பு அமைப்பே பீட்டா செல்களை அயல் என்று கருதி அழித்துவிட்ட நோயாளிகளை. ஆகவே அவர்களுக்குப் புதிய செல்லைக் கொடுத்தால் இரண்டு எதிர்ப்புகள் எழும்: பிறருடைய செல் என்பதால் ஒன்று, பீட்டா செல் என்பதாலேயே இன்னொன்று.

1972-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வால்டர் பாலிங்கரும் பால் லேசியும் எலிகளில் திட்டுகளை மாற்றிவைத்து நீரிழிவைத் தணித்தபோது, கேள்வி மீண்டும் சுவரைப் பற்றியதாயிற்று. உயிர்வளியும் 180 மூலக்கூறு எடையுள்ள குளுக்கோஸும் உள்ளே வர வேண்டும். சுமார் 5,800 எடையுள்ள இன்சுலின் வெளியே போக வேண்டும். 1,50,000 எடையுள்ள ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளும், அதைவிட மிகப் பெரிய வெள்ளணுக்களும் வரக்கூடாது. எண்களைப் பார்த்தால் இடைவெளி தாராளமாகவே தெரிகிறது. வலைக்கண்ணை நடுவில் எங்கேனும் அமைத்துவிட்டால் போதும் என்று தோன்றும். அப்படித்தான் அன்று பலருக்கும் தோன்றியது.

சுவருக்கு வேண்டிய பொருள் மூன்று திசைகளிலிருந்து வந்து சேர்ந்தது. செக்கோஸ்லோவாக்கியாவில் ஓட்டோ விக்டர்லேயும் துராஹோஸ்லாவ் லிம்மும் 1960-இல், நீரை உறிஞ்சி மென்மையாகும் செயற்கைப் பல்லுறுப்பி ஒன்றை உயிருடம்பில் பயன்படுத்தலாம் என்று அறிவித்தனர். விக்டர்லே 1961-இல் குழந்தைகளின் பொறியியல் விளையாட்டுச் சாமானைக் கொண்டு வீட்டிலேயே ஒரு கருவி செய்து அப்பொருளில் கண்வில்லைகளை வார்த்தெடுத்தார். கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் தாமஸ் சாங் நுண்சவ்வால் சூழப்பட்ட செயற்கைச் செல்களைச் செய்து 1964-இல் விளக்கினார். இவ்விரண்டு எண்ணங்களும் கூடி 1980-இல் ஃபிராங்க்ளின் லிம், ஆந்தனி சன் ஆகியோரின் சோதனையில் பலித்தன: கூழுறையில் பொதிந்த திட்டுகள் நீரிழிவுற்ற எலிகளை இரண்டு முதல் மூன்று வாரம் சீராக வைத்திருந்தன, உறையில்லாதவை எட்டு நாளைத் தாண்டவில்லை. அந்த உறையின் பொருள் அல்ஜினேட். அது வந்த மூன்றாம் திசை கடல்.

அல்ஜினேட் பழுப்புக் கடற்பாசிகளின் செல்சுவரில் இருக்கும் பசைப்பொருள். 1881-இல் ஸ்காட்லாந்தின் ஸ்டான்ஃபோர்டு அதைப் பிரித்தெடுத்தார். தமிழ்நாட்டில் மன்னார் வளைகுடாவின் கரையில், மண்டபம், பாம்பன், கீழக்கரை பகுதிகளில், பாசி எடுப்பது ஒரு முழுத் தொழில். அகர் தரும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, அல்ஜினேட் தரும் கட்டக்கோரை, பக்கோடாப் பாசி என்று அங்குள்ள மக்கள் வைத்த பெயர்களைப் பாசியியல் அறிஞர்களும் தம் அறிக்கைகளில் அப்படியே எடுத்தாண்டனர். எம்.ஓ.பி. ஐயங்கார் 1927-இல் குருசடைத் தீவின் தாவரங்களைச் சென்னை அருங்காட்சியகத்துக்காக விவரித்தபோது தொடங்கிய ஆய்வு, பின்னர் மண்டபத்தில் மத்திய உப்பு, கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிலையத்தின் கிளை அமைந்ததும் தொழிலோடு இணைந்தது. பாசி எடுப்போரில் பெரும்பகுதி பெண்கள். முகத்தில் கண்ணாடி அணிந்து, பாறையும் பவளமும் கிழிக்காதிருக்க விரல்களில் துணி சுற்றி, பாதங்களுக்கு அலுமினியத் தகட்டையோ ரப்பரையோ கட்டிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிப் பறித்து, இடுப்பில் கட்டிய பையில் சேர்க்கின்றனர். 1986-இல் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின் இவர்களது உழைப்பு சட்டத்தின் எல்லைக்கோட்டில் நிற்பதாயிற்று. கரையில் காய்ந்து மூட்டையான கட்டக்கோரை தொழிற்சாலையில் நீர்த்த அமிலத்திலும் பின் சோடியம் கார்பனேட்டிலும் ஊறி, கூழாகி, வடிந்து, வெள்ளைத் தூளாகிறது. அத்தூளின் பெரும்பங்கு துணியில் அச்சிடும் சாயத்தைக் கெட்டியாக்கப் போயிற்று. மருத்துவத் தரமுள்ள அல்ஜினேட்டுக்கான மூலப்பாசியோ பெரும்பாலும் வட அட்லாண்டிக்கின் குளிர்ந்த கடலில் விளைவது. ஒரே வேதிப்பொருள்தான், தூய்மைப்படுத்தும் செலவும் அதற்கான ஆய்வகமும் எங்கே இருந்தனவோ அங்கே அதன் மதிப்பு கூடியது. பாசியின் கதையில் இதைவிடப் பெரிய புதிர் ஏதுமில்லை.

சோடியம் அல்ஜினேட் நீரில் கரைந்தால் வழவழப்பான குழம்பு. அதைக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டவிட்டால் ஒவ்வொரு சொட்டும் நீரைத் தொட்ட கணத்திலேயே ஜவ்வரிசி வெந்ததுபோல் கண்ணாடித் தன்மையுள்ள உருண்டையாகி அடியில் அமர்கிறது. அல்ஜினேட்டின் இழைகளில் குலூரானிக் அமிலம் தொடர்ந்து வரும் பகுதிகள் நெளிந்து குழிகளாக இருப்பதால், எதிரெதிர் இரண்டு இழைகளின் குழிகளுக்கு நடுவே கால்சியம் அயனி முட்டைத் தட்டில் முட்டைபோல் உட்கார்ந்து இரண்டையும் பூட்டுகிறது என்ற விளக்கம் 1973-இல் முன்வைக்கப்பட்டது. குழம்பிலுள்ள சோடியத்தைக் கால்சியம் வெளியேற்றி உறையச் செய்வது என்ற அளவில், இது விருத்தாசலத்துப் பிளாஸ்டர் அச்சின் ஓரத்தில் நடப்பதற்கு நெருங்கிய உறவு. பல் மருத்துவர்கள் வாய்க்குள் அச்செடுக்கும் இளஞ்சிவப்புக் கூழும் அல்ஜினேட்டே. அதை உறையவைக்கும் கால்சியம் அத்தூளோடு கலந்த கால்சியம் சல்ஃபேட்டிலிருந்துதான் வருகிறது. உறைந்த அச்சுக்குள் ஊற்றப்படுவதும் பிளாஸ்டரே. உயிருள்ள செல்லைப் பொதிய அல்ஜினேட் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணமும் இந்த எளிமைதான்: சூடு வேண்டாம், நச்சுக் கரைப்பான் வேண்டாம், சொட்டுக்குள் இருக்கும் செல்லுக்குத் தன்னைச் சுற்றிச் சுவர் எழுந்தது தெரியவே தெரியாது.

ஆனால் கால்சியத்தால் எழுந்த சுவரைக் கால்சியத்தை எடுத்தே இடித்துவிடலாம். உடல் திரவங்களிலுள்ள சோடியம் மெல்ல மெல்லக் கால்சியத்தின் இடத்தைப் பிடிக்க, உருண்டைகள் உப்பி உடைந்தன. லிம்மும் சன்னும் இதற்காகவே உருண்டையின் மேல் பாலிலைசின் என்னும் நேர்மின்னேற்றப் பொருளைப் பூசினர்; வேறு சிலர் கால்சியத்துக்குப் பதில் இன்னும் இறுக்கமாகப் பற்றும் பேரியத்தைப் பயன்படுத்தினர். 1993-இல் லாஸ் ஏஞ்சலிஸில் பேட்ரிக் சூன் ஷியாங், ஏற்கெனவே சிறுநீரக மாற்றுக்காக, உடலின் எதிர்ப்பை அடக்கும் எதிர்ப்படக்கு மருந்து உட்கொண்டிருந்த 38 வயது நோயாளி ஒருவருக்கு இவ்வகை உருண்டைகளை வயிற்றறைக்குள் செலுத்தினார். ஒன்பது மாதம் வரை நோயாளி இன்சுலின் ஊசியின்றி இருக்க முடிந்தது. செய்தி பெரிதாக வெளிவந்தது, ஆனால் அது வழக்கமான மருத்துவமாகவில்லை.

தடை வலைக்கண்ணின் அளவில் இல்லை, சுவரின் வெளிமுகத்தில் இருந்தது. உடலுக்குள் எந்த அயற்பொருளை வைத்தாலும் அதன் மேல் முதலில் புரதங்கள் படிகின்றன. பிறகு மேக்ரோஃபேஜ் எனப்படும் விழுங்கும் செல்கள் வந்து ஒட்டுகின்றன. விழுங்க முடியாத அளவுக்குப் பொருள் பெரிதென்றால் அவை நாரிழைத் திசுவைச் சுற்றி எழுப்பி அதைத் தனிமைப்படுத்திவிடுகின்றன. உடல் இவ்வாறு தானும் ஒரு சுவர் கட்டுவதை ஃபைப்ரோசிஸ் என்பர். தூய்மையற்ற அல்ஜினேட்டில் எஞ்சியிருந்த பாசிப்புரதமும் பாக்டீரியா நச்சும் இதைத் தூண்டின. உருண்டையைக் காக்கப் பூசிய பாலிலைசினே இதைத் தூண்டியது என்பது இன்னும் கசப்பானது. நாரிழைச் சுவர் மூடியதும் ஆன்டிபாடி வரவில்லை என்பது உண்மைதான். குளுக்கோஸும் உயிர்வளியும்கூட வரவில்லை. இவற்றோடு, வெள்ளணுக்கள் உமிழும் சைட்டோகைன் என்னும் சிறு புரதங்கள் இன்சுலினைவிடச் சில மடங்கே பெரியவை. இன்சுலினுக்கு வழிவிடும் கூழ் அவற்றையும் விட்டுவிடும். எண்களில் தாராளமாகத் தோன்றிய இடைவெளி இப்படித்தான் சுருங்கியது.

உயிர்வளியின் கணக்கில் வார்ப்புப் பட்டறையின் நான்கு மடங்கு விதி திரும்ப வந்தது. கூழுக்குள் ஒரு மூலக்கூறு பரவ எடுக்கும் நேரம் தொலைவின் இருபடிக்கு ஏற்ப வளர்கிறது. உறையின் தடிப்பு இரட்டித்தால் காத்திருப்பு நான்கு மடங்காகிறது. உடலில் திட்டுகளுக்குள்ளேயே நுண்ணிய இரத்தக்குழாய்கள் ஓடுவதால் எந்தச் செல்லும் பசியறியாது. கூழுக்குள் வைத்த திட்டோ சுற்றிலிருந்து கசிந்து வருவதை மட்டுமே நம்பியிருக்கும். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தள்ளியிருக்கும் செல் பெரும்பாலும் மூச்சடைத்து இறக்கிறது. உறையை மெல்லியதாக்கினால் உடைகிறது, சிறியதாக்கினால் நாரிழை விரைந்து மூடுகிறது. 2015-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகக் குழுவினர், ஒன்றரை மில்லிமீட்டர் அளவுள்ள பெரிய உருண்டைகளின்மேல் நாரிழை குறைவாகவே படிகிறது என்று காட்டியபோது, முந்தைய நாற்பதாண்டு உள்ளுணர்வு அதற்கு நேர்மாறாக இருந்தது. அடுத்த ஆண்டு அதே குழுவினர் அல்ஜினேட்டின் இழையையே வேதிமாற்றம் செய்து, ஸ்டெம்செல்லிலிருந்து உருவாக்கிய மனித பீட்டா செல்களை அதில் பொதிந்து, எதிர்ப்படக்கு மருந்தின்றி எலிகளில் 174 நாள் இயங்கச் செய்தனர்.

இந்தியாவில் இம்முயற்சி திருவனந்தபுரத்திலும் புனேயிலும் வேரூன்றியது. எம்.எஸ். வலியத்தான் வளர்த்தெடுத்த ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல், தொழில்நுட்பக் கழகம் இரத்தப் பையிலும் 1990-இல் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா இதய வால்விலும் பெற்ற அனுபவத்தின் மேல் நின்று, புனேயின் தேசியச் செல் அறிவியல் மையத்தோடு சேர்ந்து, பாலியூரித்தேன், ஜெலட்டின், பாலிவினைல் பைரோலிடோன் முதலியவற்றாலான உறைகளையும் தாங்குபொருள்களையும் திட்டுகளுக்குப் பொருத்திப் பார்த்தது. புனேக் குழுவினர் இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானையும் சோதித்தனர். இவை எலிகளின் அளவிலேயே நின்றன. ஆயினும் இறக்குமதிப் பொருளுக்குக் காத்திராமல் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு சுவர் கட்டிப் பார்த்த துணிவு அவற்றில் இருந்தது.

சுவர் கட்டும் பணி இவ்வாறு இழுத்தடிக்க, சுவரே வேண்டாம் என்றவர்கள் முந்திக்கொண்டனர். 2000-இல் கனடாவின் எட்மன்டனில் ஜேம்ஸ் ஷப்பிரோ குழுவினர் ஏழு நோயாளிகளுக்குத் திட்டுகளை எந்த உறையுமின்றிக் கல்லீரலுக்குச் செல்லும் சிரையில் செலுத்தி, எதிர்ப்படக்கு மருந்தால் காத்தனர். எழுவரும் ஊசியை நிறுத்தினர், ஆயினும் இம்முறையைப் பெற்றோரில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் மீண்டும் ஊசிக்குத் திரும்பினர் என்பது பின்னர்த் தெரிந்தது. சுந்தரர் மணிமுத்தாற்றில் இட்ட பொன்னைத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்ததாகத் திருமுதுகுன்றத்துப் புராணம் சொல்வது போல, கணையத்தில் இழந்த இன்சுலின் இங்கே கல்லீரலில் கிடைத்தது. 2025-இல் அமெரிக்காவின் வெர்டெக்ஸ் நிறுவனம் இரண்டு முடிவுகளை வெளியிட்டது. ஸ்டெம்செல்லிலிருந்து வளர்த்த திட்டுகளை உறையின்றி முழு அளவில் பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசியின்றி இருந்தனர். ஆனால் அவர்கள் எதிர்ப்படக்கு மருந்தைத் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். அதே செல்களை மருந்தின்றிக் காக்கும் உறைக்கருவிக்குள் வைத்துச் செய்த சோதனை போதிய பயன் தரவில்லை என்று கைவிடப்பட்டது.

விருத்தாசலத்து வார்ப்புக் கொட்டகையில் சலித்த அச்சை எடுத்துக் காயவைக்கலாம், வீட்டுத் தண்ணீர் வடிகட்டியின் பீங்கான் மெழுகுவத்தியைத் தேய்த்துக் கழுவலாம். வயிற்றுக்குள் வைத்த உறையின் முகத்தை அடைப்பிலிருந்து மீட்க இதுவரை வழி காணப்படவில்லை. இந்தியாவில் ஹைட்ரோஜெல் உறையிலிட்ட இன்சுலின் செல்கள் சிகிச்சையாக ஏற்கப்படவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், இரத்தம் சார்ந்த சில நோய்களுக்கு அளிக்கப்படும் இரத்த ஸ்டெம்செல் மாற்றைத் தவிர மற்ற எந்த ஸ்டெம்செல் முறையையும் பதிவு பெற்ற மருத்துவப் பரிசோதனைக்கு வெளியே அளிக்கக்கூடாது என்கின்றன. செல் வைத்து நீரிழிவை நீக்குவதாகப் பணம் கேட்கும் விளம்பரம் எதைக் கண்டாலும் வாசகர் முதலில் கேட்க வேண்டியது அந்தப் பதிவெண்ணை. அது கையில் கிடைத்தாலும் மருத்துவர் சொல்லாமல் இன்சுலின் ஊசியை ஒரு வேளைகூட நிறுத்தக்கூடாது.